அப்பாவின் தோளில் இருந்தது

போன தைப்பொங்கல் லீவுக்கு வீட்டை போனபோதுதான் அதைக் கண்டேன். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை. அப்பா முழுக்குக்குப் போகமுதல் முதுகுக்கு எண்ணெய் பூசிவிடச் சொன்னார். வலது தோளுக்குக் கொஞ்சம் பின்னால், தோலுக்குக் கீழே, விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு தேசிக்காய் அளவு இருக்கும். அமத்தினால் மெத்தென்றிருந்தது. ஓரத்தில் தள்ளினால் விரலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போனது.

“இதென்னப்பா?”

“அது பீஸ் பிள்ளை. நீ பூசு.”

எங்கள் வீட்டில் ‘பீஸ்’ என்று சொன்னால் அதற்குமேல் ஒருவரும் கேட்கமாட்டோம். 2009 ஏப்ரலில் விழுந்த செல்லின் துண்டு ஒன்று அப்பாவின் இடது தொடைக்குள் இன்னமும் இருக்கிறது. அந்த நேரம் பார்த்த டொக்டர், அது நரம்புக்குக் கிட்ட இருக்கு, எடுக்கப் போனால்தான் கூடச் சேதம் வரும், உள்ளுக்கே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். அது சரியான ஆலோசனைதான். எங்கட ஊரில் இப்படி உடம்புக்குள் பீஸோடு வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், சைக்கிள் ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர். மாரி காலத்தில் குத்தும். குத்தினால் கொஞ்சம் நொண்டி நடப்பார்கள். பிறகு மறந்துவிடுவார்கள்.

பிரச்சினை என்னவென்றால், அப்பா தொடைக்குச் சொன்ன ஆலோசனையை உடம்பு முழுவதற்கும் சட்டமாக்கி வைத்திருந்தார். தோளில் இருந்தது ஐந்தாறு வருடத்துக்கு முதல் புளியங்கொட்டை அளவில் வந்ததாம். அப்போதே பட்ட வேறொரு சின்னத் துண்டு மெல்ல மெல்ல வெளியில் வருகிறது என்று தானே முடிவெடுத்துவிட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. மேசன் வேலையில் சீமெந்துப் பை தூக்குவது வலது தோளில். அதில் பை உரசத் தொடங்கியதும் இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். அம்மாவுக்குக்கூட “தோள் உழையுது” என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா தொட்டுப் பார்த்தா. ஒன்றும் கதைக்கவில்லை. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அம்மாவின் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் ஓடியது. மாமி.

மாமி என்றால் அப்பாவின் தங்கச்சி. நான் ஏ.எல் படிக்கிற காலத்தில் மார்புப் புற்றுநோயில் செத்துப்போனா. ஒரு வருடத்துக்கு மேலாகக் கட்டி இருந்ததை மறைத்து வைத்திருந்தா. மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தாய்க்கு இப்படியொரு வருத்தம் என்று தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று பயந்திருக்கிறா. மகரகமைக்குக் கொண்டுபோகும்போது நிறையப் பிந்திவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ‘கட்டி’ என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அந்தச் சொல்லைப் பற்றியும் நான் யோசித்ததுண்டு. தமிழில் எல்லாமே கட்டிதான். வெயிலுக்கு வருவது சூட்டுக்கட்டி. சூலகத்தில் வருவது நீர்க்கட்டி. சீழ் வைத்தாலும் கட்டி, புற்றுநோய் வந்தாலும் கட்டி, தேத்தண்ணிக்குக் கடிக்கிற சீனியும் கட்டி. முன்னுக்கு என்ன சொல் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது சின்ன விசயமா பெரிய விசயமா என்று தெரியும். ஆனால் பயந்துபோன வீட்டில் முன்னுக்கு வரும் சொல்லை ஒருவரும் கேட்பதில்லை. ‘கட்டியாம்’ என்பதோடு கதை முடிந்துவிடும்.

அப்பாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக ஒரு மாதம் எடுத்தது. “பீஸ்தானே, ஏன் சும்மா கிண்டுவான்?” என்று ஒரே பதில். கடைசியில் அம்மா ஒரு நாள் சொன்னா: “இஞ்சாருங்கோ, உங்கட தங்கச்சியும் இப்பிடித்தான் சும்மா இருந்தவ.” அதற்குப் பிறகு அவர் மறுத்துக் கதைக்கவில்லை.

காலை ஐந்து மணி பஸ். நம்பர் துண்டு எடுத்து, வாங்கில் நாலு மணித்தியாலம். உள்ளுக்கு இருந்த டொக்டருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவ அவசரப்படவில்லை. அப்பாவைச் சேட்டைக் கழட்டச் சொல்லி, விரல் நுனியால் அதன் ஓரத்தை அமத்திப் பார்த்தா. அது வழுக்கியது. பிறகு சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளச் சொன்னா. தசை இறுகும்போது கட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்தா. பிறகு கேள்விகள். எவ்வளவு காலம்? கிட்டடியில் வேகமாகப் பெருத்ததா? நோவு இருக்கா? உடம்பு மெலிஞ்சதா?

“டொக்டர், அது செல் பீஸ்,” என்றார் அப்பா.

“பாப்பம் ஐயா. கையை ஒருக்காக் காட்டுங்கோ.”

தோளைக் காட்டப் போனவரின் முன்கையை அவ ஏன் பிடிக்கிறா என்று எங்களுக்கு விளங்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடவிக்கொண்டு போனா. “இஞ்ச பாருங்கோ, ரெண்டு சின்னன் இருக்கு.” கடலை அளவில் இரண்டு. அப்பாவுக்கே அது தெரியாது.

“உங்கட குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி இருந்ததா? அம்மா, அப்பா, சகோதரங்கள்?”

அப்பா முதலில் இல்லை என்று தலையாட்டினார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “என்ர ஐயாவுக்கு இருந்தது. ரெண்டு கையிலயும். நாங்கள் சின்னப் பிள்ளையளா இருக்கேக்க ஐயாவின்ர கைக்குள்ள போளை இருக்கெண்டு உருட்டி விளையாடுவம்.”

நான் இந்தக் கதையை அதற்கு முதல் கேட்டதே இல்லை. அப்பப்பா நான் பிறக்கமுதலே செத்துவிட்டார். அவருடைய ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் அல்பங்களும் போய்விட்டன. அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய கையில் போளை இருந்தது என்று ஒரு கிளினிக் அறையில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

எக்ஸ்றேயும் ஸ்கானும் எடுத்தார்கள். எக்ஸ்றேயில் உலோகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அப்பாவின் தொடைப் படம் அப்படித்தான், நகத்தளவு வெள்ளைத் துண்டு. தோளில் அப்படி ஒன்றுமே இல்லை. ஸ்கானில்தான் தெரிந்தது: தோலுக்கும் தசைக்கும் இடையில், முட்டை வடிவில், ஓரம் தெளிவாக, தோலுக்குச் சமாந்தரமாகப் படுத்துக் கிடந்தது. டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதினா: லிப்போமா. எங்களுக்குச் சொன்னா: “கொழுப்புக் கட்டி ஐயா. பயப்பிட ஒண்டுமில்லை.”

பஸ்ஸில் வரும்போது அப்பா நீண்ட நாளைக்குப் பிறகு பகிடி விட்டார். “உன்ர அம்மா இவ்வளவு காலமும் எனக்குக் கொழுப்பு எண்டு சொல்லேக்க நான் நம்பேல்ல. இப்ப டொக்டரே எழுதித் தந்திட்டா.”

ஆனால் எனக்குப் பயம் முழுதாகப் போகவில்லை. லிப்போமா என்ற சொல்லின் முடிவு பிடிக்கவில்லை. மாமியின் துண்டில் இருந்த கார்சினோமாவும் ‘ஓமா’ என்றுதான் முடிந்தது. ஹொஸ்டலுக்குத் திரும்பியபின் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். நான் கலைப்பீடம். ஓ.எல் விஞ்ஞானத்தோடு உயிரியலை விட்டவள். ஆனாலும் வாசித்தால் விளங்குகிற அளவுக்குத்தான் இது இருக்கிறது. ‘ஓமா’ என்பது கட்டி என்பதற்கான பின்னொட்டு. ‘லிப்போஸ்’ என்றால் கிரேக்கத்தில் கொழுப்பு. ஆக மருத்துவர்களின் சொல்லும் எங்கள் சொல்லும் ஒன்றுதான். அவர்களும் முன்னுக்கு என்ன வருகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

உடம்பின் மென்மையான இழையங்களில் வரும் தீங்கற்ற கட்டிகளில் மிகவும் பரவலானது இதுதான். நூறு பேரை எடுத்தால் கிட்டத்தட்ட ஒருவருக்கு இருக்கும் என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. எந்த வயதிலும் வரலாம் என்றாலும், கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படுவது 40க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில். சின்னப் பிள்ளைகளுக்கு அரிது. ஆண், பெண் இரு பாலாருக்கும் வரும். அனேகமானவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான்: தோள், முதுகு, கழுத்து, கை, தொடை இப்படி. சிலருக்கு மட்டும் பல இடங்களில் வரும். அப்படிப் பலவாக வருவது ஆண்களில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. குடும்பத்தில் ஓடுவதும் பெரும்பாலும் அந்த வகைதான். தாய் தகப்பனில் ஒருவருக்கு அந்தப் பரம்பரையலகு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பப்பாவின் போளைகளும் அப்பாவின் முன்கையில் இருக்கும் கடலைகளும் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற மாதிரித்தான் இருக்கின்றன.

ஒற்றையாக வருகிறவற்றில் பலதுக்கு வேறு கதை. அந்தக் கட்டியில் உள்ள கலங்களுக்குள்ளேயே நிறமூர்த்தங்களில் மாற்றம் நடந்திருக்கும். கூடுதலாக மாட்டுப்படுவது 12ஆவது நிறமூர்த்தம். அது பிள்ளைகளுக்குப் போவதில்லை.

அரிதாக வேறு வகைகளும் உண்டு. தேர்க்கம் நோய் என்று ஒன்று, நடுவயதுப் பெண்களுக்குக் கூடுதலாக வருவது, கட்டிகள் நோகும். மாடலுங் நோய் என்று இன்னொன்று, பல வருடமாக அளவுக்கு மீறிக் குடித்த ஆண்களில் கழுத்தையும் தோளையும் சுற்றிக் கொழுப்புப் படியும். இளம் வயதில் முன்கையில் நோகிற கட்டிகள் வந்தால் அது இரத்தக் குழாய்களும் சேர்ந்த அஞ்சியோலிப்போமாவாக இருக்கலாம். அதுவும் தீங்கில்லாததுதான்.

என்னை ஆகலும் யோசிக்க வைத்தது உடம்பு பருமன் பற்றிய விசயம். கொழுப்புக் கட்டி என்றதும் கொழுத்தவர்களுக்கு வருவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அம்மாவும் அப்படித்தான் கேட்டா: “இந்த மனிசனில எங்க கொழுப்பு இருக்கு?” அப்பா ஒட்டி உலர்ந்த ஆள். ஆனால் மெலிந்தவர்களுக்கும் இது வரும். சாப்பாட்டைக் குறைத்தாலும், எடை குறைந்தாலும், சுற்றியிருக்கும் கொழுப்புக் கரையுமே தவிர இது கரையாது. ஒருவர் பட்டினி கிடந்தாலும் இந்தக் கட்டிக்குள் இருக்கும் கொழுப்பை உடம்பு எடுத்துப் பாவிப்பதில்லை. இதை வாசித்தபோது 2009இல் அப்பா இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. கஞ்சியை எங்களுக்கு ஊற்றிவிட்டுத் தான் குடித்துவிட்டேன் என்று பொய் சொன்ன ஆள். அவருடைய விலா எலும்புகளை எண்ணலாம். அப்படிப்பட்ட உடம்பில் பிறகொரு காலம் கொழுப்பு உருண்டையாகச் சேர்ந்திருக்கிறது. அதுவும் செலவழிக்க ஏலாத கொழுப்பு.

நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கை நான் முதலில் நம்பவில்லை. எங்கட பட்சில் 300 பேர். எங்களுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்று, எங்களில் இருக்காது. ஆனால் எங்கட அம்மா அப்பாமாரைச் சேர்த்தால் 600 பேர். அப்படியென்றால் ஐந்தாறு பேருக்காவது இருக்கவேண்டும். நான் ஒருத்தரையும் கேள்விப்பட்டதில்லையே? அன்றிரவு அறையில் கேட்டுப் பார்த்தேன். நாங்கள் நாலு பேர். மன்னார்ப் பிள்ளை உடனே சொன்னாள்: “அம்மாவின்ர கையில மூண்டு இருக்கடி. அவ அதை ஆருக்கும் காட்ட மாட்டா. கை நீட்டு பிளவுஸ்தான் போடுவா.” மலையகத்திலிருந்து வந்த பிள்ளைக்குத் தாத்தாவின் பிடரியில் ஒன்று. கொழுந்து மூட்டை தூக்கித் தூக்கி வந்தது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்களாம். நாலாவது பிள்ளை, ஒருத்தருக்கும் இல்லை என்றாள். அடுத்த கிழமை வீட்டிலிருந்து வந்து, சித்தப்பாவுக்கு இருக்காம் என்றாள்.

நாலு பேர் இருந்த ஒரு அறைக்குள்ளேயே இவ்வளவு. ஒருவர் வெட்கத்தில் மூடி வைக்கிறார். ஒருவர் வேலையின் தழும்பு என்று நினைக்கிறார். என் அப்பா யுத்தத்தின் மிச்சம் என்று நினைத்தார். ஒருவரும் அதன் பெயரைக் கேட்கவில்லை. இவ்வளவு பரவலான ஒன்றைப் பற்றி ஒரு சொல்கூடக் கதைக்காமல் இருப்பதால், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்துத் தனியாகப் பயப்படுகிறார்கள். அல்லது தனியாகச் சும்மா இருக்கிறார்கள். மாமி பயத்தில் சும்மா இருந்தா. அப்பா பயமில்லாமல் சும்மா இருந்தார். மாமியைப் போல அவரும் பிந்தியிருப்பார், அது வேறொன்றாக இருந்திருந்தால்.

ஏனென்றால் எல்லாக் கட்டியும் கொழுப்புக் கட்டி இல்லை. டொக்டர் கேட்ட கேள்விகளின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் பெரிதாக இருந்தால், வேகமாக வளர்ந்தால், கல்லு மாதிரி இறுகியிருந்தால், அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், தசைக்குள் ஆழமாக இருந்தால், புதிதாக நோகத் தொடங்கினால், எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தால், அதைத் தாமதிக்காமல் பார்க்கவேண்டும். கொழுப்பு இழையத்தில் வரும் லிப்போசார்கோமா என்ற புற்றுநோய் அரிது, ஆனால் இருக்கிறது. மார்பில் வரும் எந்தக் கட்டியையும், அது மெத்தென்று இருந்தாலும், காட்டியே ஆகவேண்டும். விரலால் தொட்டுப் பார்த்து இது கொழுப்புத்தான் என்று வீட்டில் இருந்துகொண்டு முடிவெடுக்க எங்களால் ஏலாது. எனக்கும் ஏலாது, கூகிளுக்கும் ஏலாது.

இன்னொன்றையும் எங்கட ஆட்களுக்குச் சொல்லவேண்டும். கட்டி ஆழமாக இருந்தால் சிலவேளை எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்வார்கள். அது பலமான காந்தம். உடம்பில் பீஸ் இருப்பவர்கள், எந்த இடத்தில் இருந்தாலும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அதை எடுக்கமுதல் கட்டாயம் சொல்லவேண்டும். இரும்புத் துண்டு காந்தத்துக்கு அசையலாம். “அது பழசு, அதை ஏன் சொல்லுவான்” என்று விடக்கூடாது.

அப்பாவின் தோளில் இருந்தது எடுக்கவேண்டிய ஒன்றல்ல. நோகாத, வளராத லிப்போமாவை அப்படியே விடலாம். ஆனால் சீமெந்துப் பை உரசுகிறபடியால் எடுப்போம் என்றார்கள். சித்திரை கழிந்து திகதி கிடைத்தது. விறைக்கிற ஊசி போட்டு, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. அன்றே வீட்டுக்கு விட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பமுதல் போத்தலில் எங்களுக்குக் காட்டினார்கள். மஞ்சளாக, வழவழப்பாக, இறைச்சிக் கடையில் பார்க்கிற கொழுப்பு மாதிரித்தான் இருந்தது. மெல்லிய ஒரு உறைக்குள் முழுசாக வந்திருந்தது. அப்பா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பைத்தான் எதிர்பார்த்தாரோ தெரியாது.

மூன்று கிழமையில் ரிப்போட் வந்தது. லிப்போமாதான். அம்மா அன்றைக்குக் கோயிலில் தேங்காய் அடித்தா.

முன்கையில் இருக்கும் இரண்டையும் எடுக்கவில்லை. டொக்டர் தேவையில்லை என்றா. அப்பாவும் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது போனில் கதைக்கும்போது சிலவேளை தானே சொல்லுவார்: “ஐயாவின்ர போளை ரெண்டும் சுகமா இருக்கு.” போன மாதம் வீட்டில் நின்றபோது தம்பியின் இரண்டு கையையும் பிடித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு வயது பதினேழு. எனக்கும் பார்த்தார். எனக்கும் இல்லை.

“நாப்பது வயசுக்குப் பிறகு வரலாம்,” என்றார். “வந்தால் பயப்பிடாதேங்கோ. ஆனா ஒளிக்காதேங்கோ. போய்க் காட்டுங்கோ.”

தொடையில் இருக்கிற பீஸ் பற்றி அவர் எங்களுக்கு ஒருநாளும் இப்படி உட்கார வைத்துச் சொன்னதில்லை. அதில் எங்களுக்குச் சொல்லித்தர அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. இது அப்படியில்லை.